ரிப்பன் கட்ட மூன்று நிமிடம்

பாகூர்,
3.9.2024

ஏஞ்சல் மேரி மிஸ் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் எல்லோர் முன்னாலும் உங்களிடம் சத்தம் போட்டேன். அதற்காக என் எண்ணை நீங்கள் பிளாக் செய்தது நியாயம்தான். தபாலை பிளாக் செய்ய முடியாது என்பதால் இப்படி எழுதுகிறேன்.

கேட்க வேண்டியது ஒன்றுதான். ஆட்டம் தொடங்கும் முன் குழாயடியில் நின்று என் அணிப் பெண் அமுதத்தோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். என்ன பேசினீர்கள்?

நடந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். கொம்யூன் சாஃப்ட்பால் கோப்பையில் ஓர் ஆட்டத்துக்கு அறுபது நிமிடம். அறுபது ஆன பிறகு புது இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது. நாலாவது இன்னிங்ஸில் நாங்கள் பேட்டிங். ஆறுக்கு ஐந்து என்று நாங்கள் முன்னால் இருந்தோம். இன்னிங்ஸை முடிக்கும் எங்களுடைய மூன்றாவது அவுட் அறுபது நிமிடத்துக்குள் விழாமல் இருந்திருந்தால் ஐந்தாவது இன்னிங்ஸே கிடையாது. கோப்பை பாகூருக்கு வந்திருக்கும்.

என் பிள்ளைகள் நிதானமாக ஆடினார்கள். ஒருத்தி ஷூ லேஸ் கட்டினாள். ஒருத்திக்கு ஹெல்மெட் பெரிதாக இருந்தது, மாற்றினாள். ஒருத்தி ரிப்பனை அவிழ்த்துக் கட்டினாள். அம்பயர் கலைவேந்தன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு அவுட் விழுந்தது. ஐம்பத்தேழாவது நிமிடம் அமுதம் உள்ளே போனாள். மூன்று நிமிடம் நின்றால் போதும். நான் காதைத் தொட்டுக் காட்டினேன். எங்கள் அணியில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ரிப்பன். அவிழ்த்து, மெதுவாகக் கட்டு. அவள் என்னை நேராகப் பார்த்தாள். பார்த்துவிட்டு முதல் பந்தையே தூக்கி அடித்தாள். அது பந்து போட்ட உங்கள் பிட்சர் கையிலேயே போய் உட்கார்ந்தது. மீதி உங்களுக்குத் தெரியும். ஐந்தாவது இன்னிங்ஸ் நடந்தது, நீங்கள் மூன்று ரன் எடுத்தீர்கள், நாங்கள் ஒன்றும் எடுக்கவில்லை. எட்டுக்கு ஆறு.

ஏன் அடித்தாய் என்று கேட்டால், "பால் நல்லா வந்துச்சு சார்" என்கிறாள். இரண்டு வருடம் நான் சொன்ன சொல்லைத் தட்டாதவள். யாரோ ஏதோ சொல்லாமல் இப்படி நடக்காது.

புதுச்சேரி அணித் தேர்வு முகாமுக்கு எங்கள் பள்ளியிலிருந்து மூன்று பெயர் போக வேண்டும். முதல் பெயராக அவளுடையதை எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அருள்முருகன்


அரியூர்,
6.9.2024

அருள்முருகன் சார்,

உங்கள் கேள்விக்குப் பதில். முகம் கழுவத் தொப்பியைக் கழற்றியிருந்தாள். மொட்டைத் தலையைப் பார்த்து "எந்தக் கோயில்?" என்று கேட்டேன். "மயிலம் மிஸ், ஆடிக் கிருத்திகைக்கு" என்றாள். "நல்லா ஆடு" என்றேன். அவ்வளவுதான். உங்கள் பிள்ளையைக் கெடுக்க இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

இனி என் பங்கு. கடைசி ஒன்பது நிமிடத்தில் எங்கள் பிட்சர் உங்கள் பிள்ளைகளுக்குப் போட்டது ஆறு பந்து. நான் எண்ணினேன். லெஃப்ட் ஃபீல்டில் நின்ற என் பெண் ஒருத்தி வெயிலில் திரும்பி என்னைப் பார்த்து, "மிஸ், அவங்க ஏன் ஆடவே மாட்றாங்க?" என்று கத்தினாள். அவளுக்குப் பதினொரு வயது. நான் என்ன சொல்வது? அந்த சார் உங்களைவிட நன்றாகக் கடிகாரம் பார்ப்பார் என்றா?

விதியில் இடம் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. அம்பயர் தடுக்கவில்லை என்பீர்கள். தடுக்கவில்லை. ஆனால் விளையாடக் கூட்டி வந்த பிள்ளைகளை விளையாடாமல் நிற்கச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்.

அமுதம் ஏன் அடித்தாள் என்று உங்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிகிறது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. உங்களிடம் சொல்லத் தைரியம் இல்லை, அதனால் பேட்டால் சொன்னாள். அத்தனை பெரியவர்கள் நின்ற மைதானத்தில் சரியானதைச் செய்தது அந்தப் பிள்ளை ஒருத்திதான். திங்கட்கிழமை எங்கள் பள்ளிக் காலை ஜெபத்துக்குப் பிறகு அவள் பெயரைச் சொல்லியே பேசினேன். எங்கள் பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தப் பெயரை நீங்கள் பட்டியலில் அடித்திருக்கிறீர்கள்.

ஏஞ்சல் மேரி


பாகூர்,
11.9.2024

ஏஞ்சல் மேரி மிஸ்,

ஜெயித்தவர்களுக்கு நேர்மை மிகவும் பிடித்துப் போகிறது. கோப்பை உங்கள் பள்ளி அலமாரியில் இருக்கிறது, பாடம் எனக்கு வருகிறது.

அறுபது நிமிடத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மைதானத்தில் ஆறு அணி ஆட வேண்டும் என்று சாஃப்ட்பால் சங்கம் வைத்தது. கடிகாரத்தை ஆட்டத்துக்குள் கொண்டு வந்த பிறகு, அதைப் பார்க்காமல் ஆடு என்றால் எப்படி? நம் ஊர்க் கபடியில் பாருங்கள். முன்னால் இருக்கும் அணிக்காரன் கோட்டைத் தாண்டிப் போய், யாரையும் தொடாமல், முப்பது வினாடியைக் கழித்துவிட்டுத் திரும்பி வருகிறான். ஊரே விசில் அடிக்கிறது. யாரும் அவனுக்கு நீதி சொல்வதில்லை.

சரி, கபடியை விடுங்கள். போன வருடம் அரையிறுதி. நீங்கள் ஒரு ரன் முன்னால். ஐம்பத்தாறாவது நிமிடம் பிட்சரை மாற்றினீர்கள். புதுப் பிட்சர் ஐந்து பந்து போட்டுக் கை சூடாக்கினாள். ஒரே ஒருத்திக்கு வீசினாள். உடனே பழைய பிட்சரையே திரும்பக் கூப்பிட்டீர்கள். அவளும் ஐந்து பந்து போட்டாள். நேரம் முடிந்தது. எதிரில் நின்றது நான்தான். அன்று நான் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. அதற்கு உங்கள் பள்ளியில் என்ன பெயர்? காலை ஜெபத்தில் அதைப் பற்றியும் பேசினீர்களா?

நம் இருவருக்கும் ஒரு வித்தியாசம்தான். நான் காதைத் தொட்டேன், நீங்கள் கையை உயர்த்தி பிட்சரை மாற்றினீர்கள்.

அமுதத்தின் பெயர் அடித்தது அடித்ததுதான். பட்டியல் சங்கத்துக்குப் போய்விட்டது. அவள் இடத்தில் வேறொருத்தி போகிறாள். நேர்மைக்காக அல்ல, எதற்காகவும் ஒரு பிள்ளை தன் அணியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. இது என் பாடம்.

அருள்முருகன்


அரியூர்,
14.9.2024

அருள்முருகன் சார்,

கபடியில் அப்படிச் சும்மா போய் வருகிறார்கள் என்றுதானே மூன்றாவது முறை போகிறவன் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவுட் என்று விதி வைத்தார்கள்? யாருக்கோ அது பிடிக்காமல் போயிருக்கிறது.

பிட்சர் விஷயம். கை வலிக்கிறது என்று அவள் சொன்னாள், மாற்றினேன். பிறகு பரவாயில்லை என்றாள், திரும்ப எடுத்தேன். இப்படித்தான் ஒரு வருடமாக எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். இதைப் பற்றி இன்று இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

கலைவேந்தன் சாரைப் பார்த்தேன். நீங்கள் அனுப்பிய பட்டியலில் அமுதத்தின் பெயருக்கு நேராகக் காரணம் என்ற இடத்தில் "ஒழுங்கீனம்" என்று எழுதியிருக்கிறீர்களாம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த வார்த்தை வேண்டுமா சார்?

இதனுடன் ஒரு சான்றிதழ் இருக்கிறது. "நேர்மையான ஆட்டத்துக்கு" என்று எங்கள் பள்ளியில் அச்சிட்டது. அமுதத்தின் பெயரை நானே எழுதினேன். உங்கள் கையால் அவளுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு முறை கோபப்படாமல், ஏன் அடித்தாய் என்று கேளுங்கள். அன்று மைதானத்தில் நீங்கள் கேட்டது கேள்வி அல்ல. நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

ஏஞ்சல் மேரி


பாகூர்,
20.9.2024

ஏஞ்சல் மேரி மிஸ்,

கேட்டேன். நேற்று மாலை, மற்றப் பிள்ளைகள் போன பிறகு. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சான்றிதழைக் கொடுத்தேன். படித்துப் பார்த்தாள். "இது எதுக்கு சார்?" என்றாள். அரியூர் மிஸ் அனுப்பினார்கள், நீ நேர்மையாக ஆடினாயாம் என்றேன். "நான் இன்னா சார் பண்ணேன்?" என்று முழித்தாள். நான் காதைத் தொட்டேன், நீ பார்த்தாய், பார்த்துவிட்டு ஏன் அடித்தாய் என்றேன். இந்த முறை சத்தம் போடவில்லை.

"காத தொட்டா ரிப்பன அவுத்து கட்டணும்னு சொன்னிங்க. எனக்குதான் ரிப்பனே இல்லியே சார்" என்றாள்.

தொப்பியைக் கழற்றிக் காட்டினாள். தலையில் விரற்கடை முடி.

ஜூலையில் அந்தச் சைகையைச் சொல்லிக் கொடுத்தபோது அவளுக்கு இரட்டைச் சடை இருந்தது. அப்புறம் மயிலம் போய் வந்தாள். மொட்டையோடு வகுப்பில் உட்கார்ந்ததை நான் பார்த்தேன். பக்கத்துப் பெண் அவள் தலையைத் தடவிச் சிரித்ததற்கு அதட்டினேன். எல்லாம் தெரியும். மைதானத்தில் தொப்பியும் ஹெல்மெட்டும் இருந்ததால் என் மண்டையில் ஏறவில்லை. அவள் என்ன நினைத்தாள் என்றும் கேட்டேன். "சார் காதுல எதோ பூச்சி போவுது போலன்னு நெனச்சேன்" என்றாள். என்னைக் கேலி செய்யவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

உங்கள் கடிதத்திலேயே இருந்திருக்கிறது மிஸ். மொட்டை, மயிலம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நானும் படித்தேன். இரண்டு பேரும் அதைத் தாண்டிப் போய்விட்டோம்.

உங்களுக்காக இன்னொன்றும் கேட்டேன். ரிப்பன் இருந்திருந்தால்? "கட்டியிருப்பேன் சார். மூணு நிமிசம் இன்னா, பத்து நிமிசம் கூட கட்டுவேன். நம்மதான ஜெயிக்கணும்?"

ஆக, காட்டிக்கொடுத்தவளும் இல்லை, நேர்மைக்காரியும் இல்லை. சான்றிதழை மடித்து நோட்டில் வைத்துக்கொண்டாள்.

உன் பெயரைத் திரும்பப் போட்டுவிடுகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். குதித்துக்கொண்டு ஓடினாள்.

அருள்முருகன்


அரியூர்,
23.9.2024

அன்புள்ள அருள்முருகன் சார்,

சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பள்ளி முழுவதும் நிற்கவைத்து ஒரு பிள்ளையின் நேர்மையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். அவளுக்கு முடி இல்லை என்பதுதான் விஷயம். நாளை பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, ஆனால் சொல்லிவிடுவேன்.

ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டேன். பத்து நிமிடம் கூடக் கட்டுவேன் என்றாளே, அதை அவளுக்குக் கற்றுக் கொடுத்தது நீங்கள். என் பிள்ளைகளுக்கு நான் கற்றுக் கொடுத்தது போல. ஆமாம், பிட்சரின் கை வலிக்கவில்லை. நன்றாகத்தான் இருந்தது. கை வலிக்கிறது என்று சொல்லச் சொன்னதே நான்தான். இதை முதன்முதலாக உங்களுக்குத்தான் எழுதுகிறேன். எழுதிய பிறகு கொஞ்சம் லேசாக இருக்கிறது, கொஞ்சம் அவமானமாகவும் இருக்கிறது.

இப்போது வேலை. பட்டியல் திருத்தம் இந்த மாதம் முப்பதாம் தேதி, திங்கட்கிழமை மாலை ஐந்து மணி வரைதான். சங்க அலுவலகத்தில் விசாரித்தேன். "ஒழுங்கீனம்" என்று எழுதிய பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டுமானால், அது தவறு என்று பயிற்சியாளரே கையெழுத்துப் போட்டுக் காரணத்தோடு கொடுக்க வேண்டுமாம். காரணம் என்றால், நேரம் கடத்தச் சொல்லிச் சைகை காட்டியது நான், பிள்ளைக்கு அது புரியவில்லை என்று நீங்கள் எழுத வேண்டும். ஷூ லேஸ் கட்ட விதியில் இடம் உண்டு, ஆனால் நேரம் கடத்தச் சொன்னேன் என்று பயிற்சியாளரே எழுதிக் கொடுத்தால் சங்கம் தடை போடும், ஒரு வருடம் நீங்கள் அணியோடு மைதானத்துக்கு வர முடியாது. இது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதற்காக எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் எண்ணை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஏதாவது தடங்கல் என்றால் கூப்பிடுங்கள். கடிதத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்பினால் கூட அச்செடுத்து நானே கொண்டு போய்க் கொடுத்துவிடுவேன். எனக்கு அலுவலகம் அரை மணி நேரம்.

அன்புடன்,
ஏஞ்சல் மேரி


பாகூர்,
1.10.2024

அன்புள்ள ஏஞ்சல் மேரி மிஸ்,

உங்கள் கடிதம் இருபத்தைந்தாம் தேதி கிடைத்தது. அன்றே எழுத உட்கார்ந்தேன். அண்ணன் நிலத்தில் நடவு, ஆள் பற்றவில்லை என்று கூப்பிட்டார்கள், போனேன். வியாழக்கிழமை எழுதி முடித்தேன். தலைமையாசிரியர் கையெழுத்தும் இருந்தால் நல்லது என்று தோன்றியது. அவர் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து மழை. சனிக்கிழமை அலுவலகம் உண்டா இல்லையா என்று சரியாகத் தெரியவில்லை. திங்கட்கிழமை நாலாவது பீரியட் முடிந்து, தேர்வுத்தாள் கட்டி வைத்து, மூன்றே முக்காலுக்குப் பேருந்து ஏறினேன். வழியில் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். அலுவலகத்துக்குப் போனபோது ஐந்து மணி பத்து நிமிடம். எழுத்தர் பூட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். பட்டியலை ஐந்து மணிக்கே மேலே அனுப்பிவிட்டதாகச் சொன்னார். நான் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தேன். நேரம் முடிந்துவிட்டது சார் என்றார்.

கடிதம் என் பையில்தான் இருக்கிறது.

உங்களைக் கூப்பிடத் தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றியது. இரண்டு முறை எண்ணை எடுத்துப் பார்த்தேன்.

அமுதத்துக்கு இன்னும் தெரியாது. முகாமுக்குப் போகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த வருடம் அனுப்பலாம் என்றால் அதுவும் இல்லை. வயது தாண்டிவிடும். எங்கள் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாவதுக்கு அவள் போகப் போகும் பள்ளியில் சாஃப்ட்பால் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வருவாள். அப்போது பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன்.

அருள்முருகன்


அரியூர்,
4.10.2024

அருள்முருகன் சார்,

நடவு, கையெழுத்து, மழை, சாலை. எல்லாமே உண்மைதான், சந்தேகமில்லை. உங்கள் பிள்ளையின் ஷூ லேஸ் அவிழ்ந்திருந்ததும் உண்மைதான்.

எனக்குக் கோபம் வருகிறது, அதைவிட வருத்தமாக இருக்கிறது. நானும் சும்மா உட்கார்ந்து கடிதத்துக்காகக் காத்திருந்தேன். முப்பதாம் தேதி மத்தியானம் நானே கூப்பிட்டிருக்கலாம். முதலில் நீங்கள் கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வரை வேண்டாம். இது கையில் கிடைத்த அன்றே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

ஏஞ்சல் மேரி


பாகூர்,
9.10.2024

அன்புள்ள ஏஞ்சல் மேரி மிஸ்,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை அதற்கு முன்பே போய்விட்டது. அன்று நான் சொல்லவில்லை.

அன்று அவள் எல்லோருக்கும் முன்னால், ஆறரை மணிக்கே வந்துவிட்டாள். முகாமில் வேகமாகப் பந்து போடுவார்களாம், பழகிக்கொள்ள வேண்டும் சார் என்றாள். நான் பந்து போட்டேன். ஒரு மணி நேரம் அடித்தாள். மற்றவர்கள் வந்து ஆடி முடித்துப் போன பிறகும் இன்னும் கொஞ்சம் சார் என்றாள். மறுபடி போட்டேன். கை கொப்பளித்துவிட்டது, காட்டினாள். சந்தோஷமாக இருந்தாள், அதனால் சொல்லவில்லை. இதைத்தான் காரணம் என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, பள்ளி விட்டதும் அவளை நிறுத்திச் சொன்னேன். சைகை, பட்டியல், பத்து நிமிடம் தாமதம், எதையும் விடவில்லை. என்னால்தான் போயிற்று என்றும் சொன்னேன். முதலில் புரியவில்லை. பிறகு, "அடுத்த வருசம் நான் ஒம்போதாவது சார்" என்றாள். ஆமாம் என்றேன். அழவில்லை. பையை மாட்டிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதத்தைச் சங்கத்தில் கொடுத்துவிட்டேன். இனி அவளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பட்டியலில் அவள் பெயருக்கு நேராக இருக்கும் அந்த வார்த்தையை மட்டும் அடித்துவிடுவார்கள். எனக்கு ஒரு வருடம். எழுத்தர் தேதியைப் போட்டு வாங்கிக்கொண்டார்.

அவள் கேட்டதை உங்களுக்கு எழுத வேண்டாம் என்றுதான் நேற்று முழுவதும் நினைத்தேன். எழுதிவிடுகிறேன். கேட் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள். "உங்களுக்கு எப்ப சார் தெரியும்?" என்று கேட்டாள். போன திங்கட்கிழமையே தெரியும் என்றேன்.

"அப்ப ஞாயித்துக்கெழம ஏன் சார் என்ன அவ்ளோ நேரம் ஆட வுட்டிங்க?"

அருள்முருகன்